வெள்ளையும் கறுப்புமாக ஒரு வரைபடம்: அமெரிக்கப் பெண்கள் வாக்கு கேட்ட விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வகுப்பறைச் சுவரில் ஓர் அமெரிக்க வரைபடத்தின் நகல் தொங்குகிறது. மேற்குப் பாதி கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை. கிழக்கே போகப் போகக் கோடு, புள்ளி, கறுப்பு. பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது வெற்றி, அதற்கு இந்த வரைபடமே சாட்சி என்று மேலே தலைப்புப் போட்டிருக்கும். 1914 வாக்கில் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தார் நியூயார்க்கில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிய தாள் அது. மாட்டியதிலிருந்து வருஷா வருஷம் மாணவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தெருப் பிரச்சினைக்கு நோட்டீஸ் அடிக்க யோசனை கேட்டு வரும் நண்பர்களும் அதையே கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது?

பார்த்தால் சாதாரணத் தாள்தான். நடுவில் அமெரிக்கா. வெள்ளையாக விட்ட மாநிலங்களில் ஆணுக்கு இருக்கும் வாக்கு அத்தனையும் பெண்ணுக்கும் உண்டு. முழுக் கறுப்பு என்றால் ஒன்றுமே கிடையாது. இரண்டுக்கும் நடுவே கோடும் புள்ளியும் போட்டவைதான் வேடிக்கை. சில மாநிலங்களில் பெண்கள் பள்ளி நிர்வாகத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். சிலவற்றில் வரி கட்டும் பெண்கள் வரி சம்பந்தமான வாக்கெடுப்பில் மட்டும் கலந்துகொள்ளலாம். பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஆள் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவளுக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதாம்.

கூடவே எந்த மாநிலம் எந்த வருஷம் கொடுத்தது என்ற பட்டியல்: வயோமிங் 1869, கொலராடோ 1893, யூட்டாவும் ஐடஹோவும் 1896, வாஷிங்டன் 1910, கலிஃபோர்னியா 1911 என்று போகும். அப்புறம் ஒரு கேள்வி. அதன் சாரம் இதுதான்: எல்லைக்கு அந்தப் பக்கம் இது தோற்றுப்போயிருந்தால், இந்தப் பக்கத்து மாநிலம் இதை ஏற்றிருக்குமா?

தாளுக்கே உயிர் அந்தக் கேள்விதான் என்பேன். பட்டியலைப் படித்தால் வருஷம் தெரியும், வயோமிங்குக்குப் பக்கத்து வீடு யார் என்று தெரியாது. வரைபடத்தில் தெரியும். வயோமிங்கைத் தொட்டுக்கொண்டு கொலராடோ, யூட்டா, ஐடஹோ. ஐடஹோவைத் தொட்டுக்கொண்டு வாஷிங்டன், ஆரிகன். வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொருவரும் முடிவெடுத்தார்கள் என்று படமே சொல்லிவிடுகிறது.

மேற்கில் மட்டும் முதலில் கிடைத்தது ஏன்?

ஒற்றைக் காரணம் கிடையாது. வயோமிங் 1869-இல் மாநிலம்கூட ஆகவில்லை. ஆட்கள் அதிகம் இல்லாத ஒரு பிரதேசம். பெண்கள் குடிவர வேண்டும் என்ற ஆசை, கட்சிகளின் கணக்கு, உண்மையான நம்பிக்கை எல்லாம் கலந்திருந்தன. 1890-இல் மாநிலமானபோதும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் உள்ளே வந்தது.

கறுப்பு வெள்ளை எதற்கு? நல்ல வண்ணமாகப் போட்டிருக்கலாமே?

போட்டார்கள். 'பக்' என்ற நகைச்சுவை இதழ் 1915 பிப்ரவரி 20-இல் இரண்டு பக்க வண்ணப் படம் வெளியிட்டது. வரைந்தவர் ஹென்றி மேயர். மஞ்சள் அங்கி அணிந்த ஒரு பெண் கையில் தீப்பந்தத்தோடு வெள்ளை மேற்கைத் தாண்டிக் கிழக்கு நோக்கி எட்டு வைக்கிறாள். கிழக்கே இருட்டுக்குள் கழுத்தளவு புதைந்த பெண்கள் அவளை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அதிகம் வருவது இந்தப் படம்தான்.

ஆனால் ஊர் ஊராகப் போனது கறுப்பு வெள்ளைதான். ஒரே மை, ஒரே ஓட்டம், செலவு குறைவு. எந்த நாளிதழும் எடுத்து அப்படியே போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. மேடான இடத்தில் மை பிடிக்கும் அந்தக் கால அச்சில் வெள்ளை என்றால் மை படாத காகிதம். ஒரு மாநிலம் ஜெயித்தால் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், கறுப்பை எடுத்துவிட்டால் போதும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. முதல் வருஷம் இந்த வரைபடத்தை 40 பிரதி ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் தெளிவாக வரட்டும் என்று மையைக் கூட்டிவிட்டார் போல. கோடு போட்ட மாநிலங்கள் எல்லாம் நிரம்பி முழுக் கறுப்பாகிவிட்டன. "வாக்கே இல்லாத மாநிலங்களை எண்ணுங்கள்" என்றேன். ஒருத்தர் தவறாமல் தப்பான விடை சொன்னார்கள். இல்லினாய் பெண்கள் 1913-இல் பாடுபட்டு வாங்கிய வாக்கை ஒரு ஜெராக்ஸ் மெஷின் அரை நிமிஷத்தில் பிடுங்கிவிட்டது.

வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது என்பதில் நிறவெறி இல்லையா?

இதை மாணவிகள்தான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது என்றுதான் சொல்வேன். மை, காகிதம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் கறுப்பின மக்களைத் தனி ரயில் பெட்டியில் உட்கார வைத்த நாட்டில் அச்சான படம் இது. அறியாமைக்குக் கறுப்பு, விடிவுக்கு வெள்ளை என்று போடும்போது பார்ப்பவர் மனதில் வேறெதுவும் ஓடாது என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

இயக்கத்துக்குள்ளேயே அந்தக் கோடு இருந்தது. 1913 மார்ச் 3 அன்று நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் பெரிய ஊர்வலம். சிகாகோவிலிருந்து வந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸை, இல்லினாய் அணியோடு வர வேண்டாம், கறுப்பினப் பெண்களோடு பின்னால் வாருங்கள் என்றார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர்வலம் நகர்ந்தபோது கூட்டத்திலிருந்து இறங்கி நேராக இல்லினாய் அணிக்குள் நடந்து சேர்ந்துகொண்டார்.

வரைபடம் முழுக்க வெளுத்த பிறகும் கதை முடியவில்லை. 1920-இல் பால் அடிப்படையில் வாக்கை மறுக்கக் கூடாது என்ற 19-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தெற்கு மாநிலங்களில் தேர்வு, வரி, மிரட்டல் என்று ஏதாவது ஒன்றைக் குறுக்கே போட்டுக் கறுப்பினப் பெண்களைத் தடுத்தார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பலருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான். அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமையே 1924-இல்தான் வந்தது. 1920-இல் வண்ணம் தீட்டியிருந்தால் நாடு முழுவதும் பளிச்சென்று வெள்ளையாக இருந்திருக்கும்.

வரைபடமே சாட்சி என்கிறார்களே, அது உண்மையான சாட்சியா?

இதற்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்வேன்.

ஒரு கொட்டை ஒரு லட்சம் பேர். கணக்கு 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முதலில் நெவாடா. மொத்த ஜனம் 81,875. ஒரு கொட்டைகூட முழுதாக வைக்க முடியாது. ஒருத்தன் எப்போதும் கொட்டையைக் கடித்து உடைக்கப் பார்ப்பான். அடுத்து வயோமிங், 1,45,965 பேர், ஒன்றரைக் கொட்டை. இப்படி 1914 முடிவில் முழு வெள்ளையாக இருந்த 11 மாநிலங்களுக்கும் வைத்து முடித்தால் மொத்தம் ஏறக்குறைய 82 கொட்டை. அதில் 24 கலிஃபோர்னியாவுக்கு மட்டும்.

இப்போது கிழக்கே வாருங்கள். வெள்ளையாகாத பக்கத்தில் நியூயார்க் என்று ஒரே ஒரு மாநிலம். 91 கொட்டை.

வெள்ளையாகத் தெரியும் 11 மாநிலங்களின் மொத்த ஜனத்தைவிட நியூயார்க் ஒன்றில் அதிகம் பேர். அந்த நியூயார்க் பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நெவாடா அதைப்போல இரண்டு மடங்கு. வரைபடத்தில் நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாலைவனமும் மலையும் வாக்களிப்பதில்லையே.

பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மாநிலத்தின் நிறமும் சரி, வருஷமும் சரி. எதை எண்ண வேண்டும் என்பதில்தான் சாமர்த்தியம்: தலையை எண்ணாமல் ஏக்கரை எண்ணினார்கள். வரைபடம் காட்டிப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வசதி தானாகவே கிடைத்துவிடுகிறது. நிலம் காகிதத்தில் இடம் பிடிக்கும், ஜனம் பிடிக்காது.

அப்படியானால் ஏமாற்று வேலைக்கு ஜனங்கள் மயங்கிவிட்டார்களா?

கிழக்கே மயங்கவில்லை. 1915-இல் நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் நான்கிலும் ஆண் வாக்காளர்களிடம் கேள்வி போனது. 'பக்' இதழின் தீப்பந்தப் பெண் நியூயார்க் பிரசாரத்தின்போது வந்தவள்தான். நான்கிலும் தோல்வி.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருவது. பெண்களே வாக்கை விரும்பவில்லை என்று எதிரணி சொல்லிக்கொண்டே இருந்தது. நியூயார்க் பெண்கள் வீடு வீடாகப் படியேறிக் கையெழுத்து வாங்கினார்கள். 1917 அக்டோபரில் ஐந்தாவது அவென்யூவில் நடந்த ஊர்வலத்தில் அந்தக் கையெழுத்துகளைப் பெரிய பலகைகளில் ஒட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் கையெழுத்து. ஏக்கரை விட்டுவிட்டுத் தலையைக் காட்டினார்கள் என்று சொல்லலாம். அடுத்த மாதமே நியூயார்க் வெள்ளையானது.

கையெழுத்தால் மட்டும் ஜெயித்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போர்க் காலம், அரசியல் கணக்கு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கூட்டம் நெரியும் ஒரு மாநிலத்தில் வரைபடம் சொல்ல முடியாததை அந்தப் பலகைகள் சொல்லின.

அரசியல்வாதிகளிடம் இந்த வரைபடம் எடுபட்டதா?

அவர்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மாநிலத்துக்கு இத்தனை என்று தேர்வாளர் வாக்குகள் உண்டு. மொத்தம் 531, ஜெயிக்க 266. 1916-இல் பெண்கள் ஜனாதிபதிக்கு வாக்களிக்கக்கூடிய 12 மாநிலங்களின் தேர்வாளர் வாக்கைக் கூட்டினால் 91. அதில் 29 இல்லினாயுடையது. வரைபடத்தில் இல்லினாய் வெறும் கோடு போட்ட மாநிலம், ஏனென்றால் அங்கே பெண்கள் ஜனாதிபதிக்கு வாக்களிக்கலாம், ஆளுநருக்கு முடியாது. ஆனால் வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு வெள்ளை நெவாடாவின் 3 வாக்கைவிட, கோடு போட்ட இல்லினாயின் 29 வாக்கு கண்ணை உறுத்தும். நியூயார்க் சேர்ந்தபோது இன்னும் 45.

சுவரொட்டி தவிர வேறு எதில் அச்சடித்தார்கள்?

எதில்தான் இல்லை! துண்டறிக்கை, நாள்காட்டி, கடிதத்தில் ஒட்டும் முத்திரைத் தாள், விசிறி, தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளர், ஊர்வலத்தில் தோளில் மாட்டிக்கொள்ளும் அட்டை. எனக்குப் பிடித்தது விசிறி. துண்டறிக்கையைக் கொடுத்தால் நாலடி தள்ளிப் போட்டுவிடுவார்கள். புழுக்கமான கூட்டத்தில் விசிறியை யாரும் கீழே போடுவதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்த் திருமண மண்டபங்களில் ஜவுளிக்கடை விளம்பர விசிறி கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

ஒருமுறை வெள்ளையானால் மறுபடி கறுப்பாகவே ஆகாதா?

ஆகியிருக்கிறது. யூட்டா பெண்களுக்கு 1870-இலேயே வாக்கு வந்தது. 1887-இல் நாடாளுமன்றம் பறித்தது. 1896-இல் மாநிலமானபோது திரும்பி வந்தது. வாஷிங்டன் 1883-இல் கொடுத்து, சில வருஷத்தில் நீதிமன்றத்தில் இழந்து, 1910-இல் மறுபடி வாங்கியது. எல்லாவற்றையும்விட நியூ ஜெர்சி: சொத்துள்ள, மணமாகாத பெண்கள் 1776 முதலே அங்கே வாக்களித்தார்கள். 1807-இல் எடுத்துவிட்டார்கள். 1914 வரைபடத்தைப் பார்ப்பவருக்கு நியூ ஜெர்சி என்றைக்குமே இருட்டில் கிடந்தது போலத் தோன்றும்.

இது வரைபடக்காரர்களுக்குச் சங்கடமான விஷயம். வெளிச்சம் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே சீராகப் பரவுகிறது என்பதுதானே அவர்கள் சொல்ல வந்த கதை. நடுவில் அணைந்து அணைந்து எரிந்ததைக் காட்டினால் யார் நம்புவார்கள்?

மேற்கில் எல்லாம் வெள்ளையாக இருக்க, ஒன்றில் மட்டும் கோடு இருக்கிறதே?

நியூ மெக்சிகோ. 1912-இல் மாநிலமானது. பெண்களுக்குப் பள்ளித் தேர்தல் வாக்கு மட்டும். அதை மாற்ற வேண்டுமானால் மாநிலம் முழுவதிலும் வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கும், நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஸ்பானிய மொழி பேசுவோரின் வாக்குரிமையைக் காப்பாற்றப் போட்ட பூட்டு அது. பெண்களும் சேர்ந்து வெளியே மாட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கம் பார்த்து மாறும் என்ற வாதம் இங்கே செல்லவில்லை.

வரைபடத்தை இப்படிப் பயன்படுத்தியதில் இவர்கள்தான் முதலா?

இல்லை. மதுவிலக்கு இயக்கத்தாரும் அதே காலத்தில் மது இல்லாத பகுதிக்கு வெள்ளை, மது ஓடும் பகுதிக்குக் கறுப்பு என்று வரைபடம் போட்டார்கள். பெண்கள் வாக்கு வாங்கினால் கடையை மூடிவிடுவார்கள் என்று சாராய வியாபாரிகள் பயந்ததால், இரண்டு வரைபடமும் அவர்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

அதற்கும் முன்னே 1861 செப்டம்பரில், உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம், அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் வரைந்த ஒரு வரைபடம் உண்டு. தெற்கு மாநிலங்களில் ஒவ்வொரு கவுண்டியிலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்று 1860 கணக்கெடுப்பை வைத்து நிழல் கொடுத்திருப்பார்கள். அடிமைகள் கூடக் கூடக் கறுப்பும் கூடும். விற்ற பணம் நோயுற்ற, காயம்பட்ட படைவீரர்களுக்குப் போனது. லிங்கன் அதை அடிக்கடி விரித்து வைத்துப் பார்ப்பாராம். அடிமை ஒழிப்புப் பிரகடனத்தை அமைச்சரவையில் படிக்கும் காட்சியை வரைந்த கார்ப்பென்டர் என்ற ஓவியர், அறையின் மூலையில் அந்த வரைபடத்தையும் சேர்த்தே வரைந்தார். கட்சி சேர்க்கும் வரைபடங்களில் எனக்கு இதுதான் மேல். கவுண்டி கவுண்டியாகச் சதவீதம் கொடுத்திருப்பதால் ஏக்கர் வித்தை இதில் குறைவு.

நம் பக்கம் பெண்களுக்கு எப்போது கிடைத்தது?

1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். அமெரிக்கத் திருத்தம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் சொத்துத் தகுதி இருந்ததால் வெகு சில பெண்களுக்கே பயன்பட்டது. இலங்கையில் 1931-இல் சொத்து, படிப்பு பார்க்காத வாக்குரிமை வந்தது.

எங்கள் ஏரிக்காக வரைபடம் போட்டு நோட்டீஸ் அடிக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தாளில் தேதி போடுங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் வெள்ளை கூடிக்கொண்டே வந்ததுதான் அந்தப் பெண்களின் பலம். தேதி இல்லாவிட்டால் அது தெரியாது. வாங்குகிறவர் தன் வீடு எங்கே என்றுதான் முதலில் தேடுவார். தெருப் பெயர், பஸ் ஸ்டாப், கோயில், ரேஷன் கடை இருக்கட்டும். ஒரு தாளில் ஒரே விஷயம்: ஏரியின் பழைய கரை எது, இன்று எது, அவ்வளவு போதும். குப்பையும் கொசுவும் இன்னொரு தாளுக்கு.

பழைய கரையைக் கண்ணால் பார்த்து வரையாதீர்கள். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு இவற்றில் உள்ள சர்வே எண்ணை வைத்து வரைந்து, எண்ணையும் அச்சிடுங்கள். ஒரு சர்வே எண் தப்பானாலும் எதிராளி அதையே பிடித்துக்கொண்டு முழுத் தாளையும் குப்பை என்பார். நாட்டு எல்லை வரும் படமாக இருந்தால் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் கோட்டையே பயன்படுத்துங்கள். தப்பான எல்லையை அச்சிட்டால் சட்டச் சிக்கல் வரும்.

அப்புறம், எத்தனை ஏக்கர் போனது என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எண்ணிப் போடுங்கள். எண்ணப் போகும்போதே பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

அந்த 1914 வரைபடத்தை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகம், ஆதரவு திரட்ட அச்சான வரைபடங்களுக்கென்றே ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. காசு கொடுக்காமல் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பிரதி எடுப்பதாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் "கொஞ்சம் லைட்டா போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.